தள்ள முடியாத வண்டி

போன வாரம் வண்டியின் பின் டயரை மாற்றப் போயிருந்தேன். ஈப்போவில் ஆ லெக் என்றொரு சீனர் நடத்துகிற பட்டறை. பழைய டயரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, புதியதைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையைப் பிய்த்தார். அவ்வளவுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மயக்கமா, நாற்காலி வேண்டுமா என்று ஆ லெக் கேட்டார். ஐம்பத்தாறு வயதுப் பெண் சும்மா நின்றாலே நம் ஊரில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஒன்றும் வேண்டாம், மோந்து பார்க்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் பிறந்தது கோலா கங்சார் போகிற வழியில் உள்ளே ஒதுங்கிக் கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது ஒருவர் "அட, நம்ம தோட்டமா" என்று பழைய போட்டோக்களாக அனுப்பித் தள்ளிவிடுவார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். அவர்கள் சட்டையில், நாங்கள் படுத்த பாயில், ஏன், சோற்றில்கூட அந்த வாடைதான். புளித்த பால் வாடையும், ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையின் வாடையும் கலந்த ஒன்று. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் வேண்டுமென்றே இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அதே சரக்கைக் கறுப்பாக்கி, வட்டமாக்கி, கோடு போட்டு விற்கிறார்கள். எல்லோரும் புது வண்டி வாசனை என்று மூச்சை இழுத்து மகிழ்கிறார்கள். மகிழட்டும்.

டயர் தேய்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வாங்கியபோது, "இது வாசல்ல துணி காயப்போடத்தான் ஆவும்" என்று சொன்ன வாய்கள் எங்கள் குனோங் ராபாட் வரிசை வீடுகளில் நிறைய உண்டு. அந்த வாய்களுக்காகவே தேய்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எது, என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். க்ரூஸர் என்பார்களே, காலை முன்னால் நீட்டி, முதுகை நிமிர்த்தி, யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல உட்கார்ந்து ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் வகை. தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, தொட்டிபோல ஒரு பெட்ரோல் டாங்கி. எடை இருநூற்று முப்பது கிலோ. கடைக்கு நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் ஒரு மணி நேரம் இன்ஜினைப் பற்றி விளக்கினான், முழுக்க முழுக்க அந்தோணியின் முகத்தைப் பார்த்தே. இந்த மனுஷன் நெடுஞ்சாலையில் சின்னக் காரையே எண்பதுக்கு மேல் ஓட்டாதவர். கடைசியில் பையன், "அங்கிள், ஏறி உக்காந்து பாருங்க" என்றான். அந்தோணி கட்டை விரலால் என்னைக் காட்டி, "நான் சும்மா வந்தேன்லா. அவங்கள கேளு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய முப்பது வருடக் குறட்டையை மன்னித்தேன்.

பெரிய வண்டி ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டும். அந்தப் பரீட்சையில் ஒரு குறுகிய பலகை மேல் வண்டியை விழாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் முறை பாதியிலேயே இறங்கிவிட்டேன், நானல்ல, முன் சக்கரம். வரிசையில் நின்ற பதினெட்டு வயதுக் குஞ்சுகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. இரண்டாம் முறை பலகையைப் பார்க்காமல் தூரத்துச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தாண்டிவிட்டேன். மண்டை கனத்துப்போய் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை.

மாதா கோவிலில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி எலிசபெத் அக்கா. நல்ல மனசு, அடக்க முடியாத வாய். "இந்த வயசுல எதுக்குலா இவ்ளோ பெரிய மோட்டார்? வுளுந்தா தூக்க முடியுமா?" என்றார். முடியாது. நாலு பேர் வேண்டும். அதனால் விழாமல் ஓட்டுகிறேன் என்றேன். அப்புறம் நிறத்துக்கு வந்தார். கறுப்பு எடுத்திருக்கக் கூடாதாம், என் நிறத்துக்கு வண்டியும் நானும் ஒன்றாகிவிடுவோமாம். அதனால்தான் எடுத்தேன் என்றேன். அன்றைக்குப் பூசை முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை, சமாதானம் சொல்லிக் கைகுலுக்குகிற நேரத்தில்கூட விரல் நுனியைத்தான் கொடுத்தார்.

மோட்டார் எனக்குப் புதிதல்ல. எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். ஈயம் வைத்த கனத்த அங்கியை நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற வேலை. என் தோளைப் பார்த்து யாராவது நீச்சல் பழகினீர்களா என்று கேட்டால் சிரிப்பு வரும். காம்பாரில் வேலை பார்த்த நான்கு வருடமும் தினம் ஈப்போவிலிருந்து காப்சாயில்தான் போய்வந்தேன். காப்சாய் என்பது இங்கே எல்லோர் வீட்டிலும் நிற்கிற அந்த ஒல்லி மோட்டார். மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்போம், தொழிற்சாலைப் பெண்கள், பாதுகாவலர்கள், நான். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் "எதுக்குலா" என்று கேட்டதில்லை. ஏழை ஓட்டினால் மோட்டார் பிழைப்பு, பெரிய வண்டியாகிவிட்டால் உடனே திமிர். திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. அது அப்பா.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. அம்மா போனதிலிருந்து எங்களோடு இருக்கிறார். தோட்டத்தில் இருந்தபோது அவரிடம் கைமாறிக் கைமாறி வந்த ஒரு சின்ன மோட்டார் இருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்திலேயே முதல் மோட்டார். வெட்டு முடிந்ததும் பின்பக்கம் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை முன்னால் டாங்கி மேல் உட்காரவைத்துக்கொண்டு, பால் ஸ்டோருக்குக் கொண்டுபோவார். செம்மண் ரோடு. வழியில் ஒரு வளைவு, வளைவைத் தாண்டினால் மேடு, மேட்டின் மேல் பங்களா.

அந்த வளைவு வந்ததும் அப்பா இன்ஜினை நிறுத்திவிடுவார். இறங்குவார். என்னையும் இறக்கிவிடுவார். நிறைந்த வாளிகளோடு வண்டியைப் பங்களா வேலி முடிகிறவரை தள்ளிக்கொண்டே போவார். தலையை நிமிர்த்த மாட்டார். வேலி முடிந்து பத்தடி போன பிறகுதான் மறுபடி உதைத்துக் கிளப்புவார். சைக்கிளில் வந்தாலும் அப்படித்தான். எல்லா ஆண்களும் அப்படித்தான். தோட்டத்து மேனேஜரான துரை இருக்கிற இடத்தை உட்கார்ந்தபடி யாரும் கடக்கக் கூடாது.

வெள்ளைக்காரத் துரை நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறிவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் நம் நாட்டு ஆட்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரிந்திருக்காது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. யாரும் வாயால் சொல்லவும் இல்லை. ஏன்ப்பா இறங்குகிறோம் என்று ஒருநாள் கேட்டேன். "அப்படித்தாம்மா" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பதிலில் எனக்கு வந்த கோபம் இன்னும் சூடு ஆறவில்லை. தள்ளுகிற தூரத்தை எண்ணிவைத்திருந்தேன், அப்பாவின் காலடியில் இருநூற்றுப் பத்து.

எனக்குப் பதினாறு வயதில் அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். அம்மா தனியாக வெட்டினார். பாலை ஸ்டோருக்கு நான் கொண்டுபோகிறேன் என்று மோட்டாரை எடுத்தேன். அந்த வளைவும் வந்தது. நான் இறங்கவில்லை. இப்போது என் பேத்திக்குச் சொன்னால் வீரம் என்று கைதட்டுவாள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், அது பயம். நிறைந்த வாளிகளோடு மேட்டில் நிறுத்தினால் வண்டியை என்னால் பிடிக்க முடியாது, பால் முழுக்க ரோட்டில் போகும். அந்தப் பயத்தில்தான் நிறுத்தாமல் போனேன். ஆனால் வேலி முடிகிற இடத்தில் ஹார்னை இரண்டு முறை அடித்தேன் பாருங்கள், அது பயம் இல்லை.

மறுநாள் காலையில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அப்பா காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். கூப்பிட்டது துரைகூட இல்லை, பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் கணக்கர். நம் பாஷை பேசுகிறவர், நம்மைப் போலவே சோறு தின்கிறவர். அப்பா போர்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் கட்டி, தரையைப் பார்த்து நின்றார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பெண்பிள்ளையை இப்படித்தான் வளர்ப்பாயா என்று கிராணி திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா சொன்னது ஒரே வரி.

"தெரியாம செஞ்சிருச்சு ஐயா."

தெரியாமல் செய்யவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அப்பாவுக்கு மலைக் காட்டில் வெட்டுவதற்கு, சரிவில் வழுக்கலான ஒரு மர நிரையைக் கொடுத்தார்கள், பால் குறைந்த கிழட்டு மரங்கள். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, இன்றைய தேதிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம். அந்த வருடமே என்னை ஈப்போவில் சித்தி வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும் தோட்டம் மூடுகிறவரை அந்த மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டே இருந்தார்.

வேலை பார்த்த காலமெல்லாம் எனக்குள் ஒரே ஒரு ஆசைதான் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அந்த வளைவை ஒருமுறை உட்கார்ந்தபடியே கடக்க வேண்டும். காரில் கூட்டிப்போயிருக்கலாமே என்பீர்கள். காரில் எத்தனையோ பேர் போயிருப்பார்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டால் யார் எவர் என்று தெரியாது. மோட்டாரில் போக வேண்டும். எல்லோரும் பார்க்கிற மாதிரி, சத்தத்தோடு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்துவிட்டேன். அப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, முழங்கால் வேறு தேய்ந்துவிட்டது. அந்த எக்ஸ்ரேயை எடுத்தவளே நான்தான். இனிமேல் தள்ளிப்போட்டால் நடக்காது.

நான் வண்டியில் செய்த மாற்றமெல்லாம் எனக்காக என்று ஊர் நினைத்தது. எனக்காகச் செய்தது இரண்டுதான். கால் தரையில் முழுசாக ஊன்றுகிற மாதிரி இருக்கையின் பஞ்சை இரண்டு விரல் கனம் சீவச் சொன்னேன், கைப்பிடியை என் பக்கம் கொஞ்சம் இழுத்துவைக்கச் சொன்னேன். மீதி அத்தனையும் பின் இருக்கைக்கு. அகலமான மெத்தை, தலைவரை உயர்ந்த சாய்மானம், இரண்டு பக்கமும் கை வைக்கும் கட்டை, இடுப்புக்கு ஒரு பெல்ட், கால் தொங்காமல் வைக்கப் பலகை, ஏறுவதற்குத் தனியாக ஒரு படி. ஆ லெக் பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவார். ஒவ்வொன்றையும் பொருத்திவிட்டு என்னைப் பார்ப்பார். கடைசியில் தாங்காமல், "அக்கா, இனி மோட்டோவா சோபாவா?" என்றார். சிம்மாசனம் என்றேன். புரியவில்லை. ராஜா உட்காருவது என்று மலாயில் சொன்னதும், யார் ராஜா என்று கேட்டு, அப்பா என்றதும் போய்ச் சாய்மானத்தைக் கழற்றி, தோல் உறையைப் பிரித்து, உள்ளே இன்னொரு அடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தார்.

புகைக்குழாயை மாற்றிச் சத்தத்தைக் கூட்டலாம் என்று சிலர் ஏற்றிவிட்டார்கள். சட்டம் விடாது, எனக்கும் தேவையில்லை. கம்பெனி வைத்த சத்தமே அடுத்த வரிசை வீட்டுப் பூனைகளை எழுப்பிவிடும். டாங்கி மேல் மண்டையோடு வரையவா, மாதா படம் வரையவா என்றும் கேட்டார்கள். மாதாவை வெயிலில் நிறுத்த வேண்டாம், மண்டையோடு எக்ஸ்ரேயில் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புது வண்டி வாங்கியவர்கள் கோவில் வாசலில் நிறுத்திவைத்தால் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். எங்கள் பங்கில் அப்படி ஒரு வழக்கம். அன்று இரண்டு கார், என் வண்டி. ஃபாதர் அந்தோணி நின்ற பக்கம் திரும்பிக்கொண்டு, "இதை ஓட்டுகிற உம் மகனை" என்று செபத்தை ஆரம்பித்தார். நான், "மகள், ஃபாதர்" என்றேன். நிறுத்தினார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கி, "உம் மகளை" என்று அழுத்திச் சொல்லி இரண்டு கை தீர்த்தம் அதிகமாகவே தெளித்தார். எலிசபெத் அக்காவும் வந்து சாய்மானத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று முனகினார்.

அப்பாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. எங்கே போகிறோம் என்று கேட்டார். தோட்டத்துப் பக்கம் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லை, சும்மா ஒரு சுற்று என்றேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார், ஹெல்மெட்டை மாட்டி பெல்ட்டையும் போட்டுவிட்டேன். பின்னால் அந்தோணி காரில் நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டுக்கொண்டு வந்தார், ஏதோ ஊர்வலம் போவதுபோல. பாதி வழியில் ஒரு பாய் கடையில் தே தாரேக் குடிக்க நிறுத்தினோம். கடைக்கார பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அண்ணே, உங்க வண்டியா?" என்று அந்தோணியைக் கேட்டார். அந்தோணி வழக்கம்போலக் கட்டை விரலைக் காட்டினார். பாய் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "எம் மவளோடது" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நிமிர்வை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சரி, இன்றைக்கு நடந்துவிடும் என்று நம்பினேன்.

தோட்டத்தில் தோட்டம் இல்லை. செம்மண் ரோடு தார் ரோடாகியிருந்தது. ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபக்கம் புது வீடுகள். பால் ஸ்டோர் இருந்த இடத்தில் கார் கழுவுகிற கடை. ஆனால் வளைவு அதே வளைவு, மேடும் அதே மேடு. பங்களா இருந்த இடத்தில் வீட்டு மனைகளுக்குள் நுழைகிற வாசலும், ஒரு காவலாளிக் கூண்டும் இருந்தன. நான் கியரைக் குறைத்தேன்.

தோளில் இரண்டு தட்டு.

நிறுத்திவிட்டேன். நிறுத்தாமல் போயிருக்க வேண்டும், கை கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா பெல்ட்டைக் கழற்றி, ஆ லெக் வைத்துக்கொடுத்த படியிலேயே கால் வைத்து இறங்கி ரோட்டில் நின்றார். ஏறுவதற்கு வைத்த படி இறங்குவதற்கும் ஆகும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

"எதுக்குப்பா எறங்குனீங்க? அங்க யாரும் இல்ல. பங்களாவே இல்ல."

"தெரியும்மா."

"பின்ன?"

"காலு எறங்கிருச்சு. நான் என்னா செய்ய?"

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். நாற்பது வருட ஆத்திரம். "ஏறுங்க" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. அப்பா இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார்.

அந்த நிலை எனக்குத் தெரியும். ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே நின்று பார்த்த நிலை. அன்று மேலே நின்றது கிராணி. இன்று வண்டி மேல் உட்கார்ந்திருப்பது நான். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. இன்ஜினை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். இறங்கினேன்.

"மன்னிச்சிருங்கப்பா. வாங்க, தள்ளிட்டே போலாம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பின்னால் போய்க் கை வைத்தார். நான் கைப்பிடியைப் பிடித்தேன். ஐம்பத்தாறும் எண்பத்து மூன்றும் சேர்ந்து இருநூற்று முப்பது கிலோவை மேட்டில் தள்ளுகிற காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்தடி போயிருக்க மாட்டோம். வண்டி நின்றது. அப்புறம் மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அந்தோணி காரை விட்டு இறங்கி ஓடிவந்து முட்டுக்கொடுத்தார். காவலாளி கூண்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். மூன்று பேரும் மூச்சு வாங்க நின்றோம். அப்பா ஹெல்மெட்டைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார். சாய்மானத்தைத் தடவினார். அப்புறம் சிரித்தார், தோள் குலுங்க, சத்தமே இல்லாமல்.

"இத தள்ள முடியாதும்மா. ஓட்டத்தான் ஆவும்."

சொல்லிவிட்டு அவரே படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை அவரே போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் கட்டைகள் மேல் வைத்து முதுகைச் சாய்த்துக்கொண்டார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினேன், தேவைக்கு மேல் ஒருமுறை முறுக்கவும் செய்தேன். மேடு ஏறினோம். காவலாளி, எந்த ஊர்ப் பிள்ளையோ, பெரிய வண்டி என்று எழுந்து நின்று ஒரு சலாம் வைத்தார். அப்பா பின்னால் திரும்பி யாருக்கு என்று பார்த்தார். நமக்குத்தான். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனேன். பதினெட்டு எண்ணுவதற்குள் வேலி முடிந்த இடம் வந்துவிட்டது. மரத்து நிழலில் ஓரமாக நிறுத்தினேன். அப்பா குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் கேட்டார்.

"இவ்ளோதானாம்மா?"

முப்பது வருடம் தள்ளியவர் கேட்கிறார். அவ்வளவுதான்ப்பா என்றேன். ஹெல்மெட்டுக்குள் அழுதேன், அதைத் துடைக்க வழி கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தினம் ஒருவர் உருகுவார், லயம் போச்சு, கோவில் திருவிழா போச்சு, ஒற்றுமை போச்சு என்று. அவர்கள் துக்கம் அவர்களுக்கு, நான் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் போனது பங்களாவும்தான், செம்பருத்தி வேலியும்தான், ஆபீஸ் படிக்கட்டும்தான். கிராணி எந்த ஊரில் மண்ணானாரோ தெரியாது. அவை போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். எனக்கு ஒரே ஒரு வருத்தம், நாங்கள் சத்தம் போட்டுப் போனபோது அதைக் கேட்க அந்த வீட்டில் ஒருத்தனும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து முறை போய்விட்டோம். முதல் இரண்டு முறையும் வளைவு வரும்போது என் தோள் தானாக இறுகிக்கொண்டது, தட்டு விழுமோ என்று. விழவில்லை. போன மாதம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் அந்தோணி விடாமல் ஹார்ன் அடித்தார். என்னவோ ஏதோ என்று கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவின் தலை சாய்மானத்தில் ஒரு பக்கமாகக் கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, கை கட்டையின் மேல் அப்படியே இருந்தது. வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினேன். ஒன்றுமில்லை. காலையில் சீக்கிரம் எழுந்தவர், வெயிலும் இதமாக இருந்தது. பங்களா வாசலுக்கு நேராக, அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.